நனையாத சட்டை

அன்புத் தம்பி வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அம்மா பிடுங்கிக்கொள்வாள், இல்லையென்றால் நான் கத்திவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தனியாக விமானம் ஓட்டிவிட்டேன் என்று நீ அனுப்பிய படத்தை அப்பா பெரிதாக்கி, சட்டம் போட்டு, டயர் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். அங்கே இருந்தது என் படம். விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்த அன்று சீருடையில் எடுத்தது. அது இப்போது பஞ்சர் ஒட்டும் இடத்தில் காற்றடிக்கும் பம்புக்குப் பின்னால் தொங்குகிறது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எம்பையன் தனியாவே பிளேன் ஓட்டிட்டான் என்கிறார். நேற்று ஒரு லாரி டிரைவர், உங்க பொண்ணும் பிளேன்லதானே இருக்கு என்று விசாரித்தார். ஆமா, அவ காப்பி குடுக்கறா என்றார் அப்பா. நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மூடி மறைக்க எதுவுமில்லை. உன்மேல் எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது. நம் வீட்டில் பறக்க ஆசைப்பட்டவள் நான். நீ கிரிக்கெட்டுக்கு மட்டை கேட்டு அழுதுகொண்டிருந்தாய். ஒருத்தரைத்தான் பைலட் படிப்புக்கு அனுப்ப முடியும், தம்பி வளரட்டும் என்றார் அப்பா. தம்பி வளர்ந்தான். நான் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறேன். விமானிகளுக்குக் காப்பி கொண்டுபோகும்போது, அந்தக் கதவு திறந்து மூடுவதற்குள் அவர்களுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் வானத்தைப் பார்த்துக்கொள்வேன். போன வாரம் ஒரு துணை விமானி, உன்னைவிடச் சின்னப் பெண், சர்க்கரை பத்தவில்லை என்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். சிரித்துக்கொண்டே வாங்கினேன். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அவள் என்ன செய்வாள் பாவம், அவளுக்குச் சர்க்கரைதான் வேண்டியிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் உன் சட்டை இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கிறது. முதல் தடவை தனியாக ஓட்டி இறங்குகிறவர் தலையில் கூடப் படிப்பவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டாமல் விடமாட்டார்கள். என்னோடு வேலை பார்க்கும் விமானிகளிடம் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறேன். சொட்டச் சொட்ட நிற்கும் படத்தைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். நீயோ பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி நிற்கிறாய். போதாக்குறைக்கு உன் தோளுக்குப் பின்னால், விமானத்துக்குள் பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியே தெரிகிறது. அம்மா யாருடி அது என்று கேட்டாள். மெக்கானிக் என்று சொல்லிவைத்தேன்.

நீ இன்னும் தனியாக ஓட்டவில்லை, வாலு. அது புரிந்ததும் எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். அம்மாகூட என்னடி விசேஷம் என்றாள்.

பிறகு உன் அறைத் தோழனைக் கூப்பிட்டுப் பேசினேன். அவன்மேல் கோபப்படாதே, நான்தான் கிளறினேன். பயிற்சியாளர் உன்னைத் தனியாக அனுப்பத் தயாராகத்தான் இருக்கிறாராம். அவர் கீழ எறங்கப் போனாலே இவனுக்கு வயித்து வலி வந்துடுதுக்கா என்றான். இன்னொரு முறை தட்டிக்கழித்தால் பயிற்சிப் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். நீ பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாயாம். அதைக் கேட்டதும் என் பாட்டு நின்றுபோயிற்று. நான் உயிரை விடும் அந்த இருக்கையைப் பெட்டி படுக்கையோடு விட்டுவிட்டு வர உனக்கு எப்படியடா மனம் வந்தது? நானாக இருந்தால் அவர் இறங்க நானே கதவைத் திறந்துவிட்டிருப்பேன்.

பயம் எனக்கும் தெரியும். விமானம் குலுங்கும்போது பயணிகள் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு சாப்பாட்டு வண்டியைப் பூட்டிவிட்டுப் போய் உட்காருவேன். வயிற்று வலி என்று சொல்லாதே. பயமா இருக்கு சார் என்று அவரிடமே சொல். எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பார். அவர் சரி என்று இறங்கினால், நீ போ.

அப்பாவிடம் நான் வாய் திறக்கவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொள்ளாதே. சொல்லிவிடலாம் என்று கடை வாசல் வரை இரண்டு தரம் போனேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நீ திரும்பி வந்தால் அம்மா அழுவாள். அப்பா சில நாள் கடை திறக்கமாட்டார். நான் அவர்களோடு உட்கார்ந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். என்னை அப்படி ஒரு அக்காவாக ஆக்கிவிடாதே, கண்ணு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், வராதே. தனியாக ஏறி, தனியாக இறங்கி, நூறு வருஷம் நன்றாக இரு.

உன்மேல் பொறாமை தீராத,
அக்கா