ஆள் ஏறாத கப்பல்

கொலுப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனையை முந்திக்கொண்டு உன் பசை வாசனைதான் மூக்கில் ஏறியது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்தப் பசை மட்டும் இன்னும் நேற்று ஒட்டினதுபோல் மணக்கிறது.

மார்கழி மாதத்தில் கொலுப் பெட்டியைத் திறக்கிற பைத்தியம் ஸ்ரீரங்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெளியே பகல் பத்துக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகிறது. நான் உள்ளே தரையில் உட்கார்ந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிய செட்டியாரையும் செட்டிச்சியையும் ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்த உன் சோயுஸை, நீ செய்த அந்த ரஷ்ய விண்கலப் பொம்மையைத் தேடுகிறேன். காலையில் உன் மகள் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, குடில் போட ஆரம்பிச்சுட்டோம். சோயுஸ் உங்ககிட்டதானே இருக்கு? எப்ப கொண்டு வரீங்க?"

"நாளைக்கு வரேன்மா."

பின்னால் யாரையோ வைக்கோல் எடுத்து வரச் சொன்னாள். பிறகு, "இந்த வருஷம் அந்தப் புதுசையும் கொண்டு வாங்க ஆன்ட்டி. அம்மா செஞ்ச கடைசிப் பொருள் அது. டப்பாக்குள்ளயே கெடந்து என்ன ஆகப்போகுது? குடில்ல வெச்சா எல்லாரும் பார்ப்பாங்க" என்றாள்.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதிலிருந்து எனக்கு எரிச்சல். அவள்மேல் இல்லை. உன்மேல், உன் ரஷ்யாக்காரர்கள்மேல், நீ போட்டுவிட்டுப் போன அந்த நிபந்தனையின்மேல்.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். துவாக்குடியில் அந்தச் சின்ன டிராயிங் ஆபீசில் நாம் இருவரும் அடுத்தடுத்த வரைபலகை. நீ கைலாசபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து வருவாய், நான் இங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். முதல் வருஷம் என் வீட்டுக் கொலுவுக்கு வந்தவள், சுண்டலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டே நான் தரையில் அமைத்திருந்த பார்க்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய்.

"கோயில் இருக்கு, குளம் இருக்கு, கிரிக்கெட் மைதானம்கூட இருக்கு. ராக்கெட் எங்கடி?"

"கொலுவுல எதுக்குடி ராக்கெட்?"

"நம்ம ஆளு ஒருத்தர் மேல போயிட்டு வந்துட்டாரு. இவளுக்குக் கிரிக்கெட் மைதானம்!"

மறு வருஷம் கையில் சோயுஸோடு வந்தாய். மேலே ஒரு பிளாஸ்டிக் பந்து, நடுவில் மணி மாதிரி கவிழ்த்த புனல், கீழே பவுடர் டப்பா, இரண்டு பக்கமும் சாக்லேட் தாள் ஒட்டிய இறக்கை. "மேல இருக்கிற லட்டுல சாமான். நடுவுல இருக்கிற மணிக்குள்ள மூணு பேரு முழங்காலை மடக்கிக்கிட்டு உட்காருவாங்க. கீழ இருக்கிறது இன்ஜின். திரும்பி வர்றப்ப மணி மட்டும்தான் பூமிக்கு வரும்" என்று வந்த பெண்களுக்கெல்லாம் விளக்கினாய். நம் நாட்டுக்காரர் ஏறினதும் அதே வண்டிதான் என்று சொல்லும்போது, ஏதோ உன் மச்சானை ஏற்றிவிட்டவள்போல் ஒரு பெருமை. அன்றிலிருந்து அது நவராத்திரிக்கு என் வீட்டில், கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுக் குடிலில், நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைக்க வேண்டும் என்று நான் சொன்னால், "சோயுஸை மட்டும் படுக்க வெச்சிடாத. அதுக்கு டிசம்பர்ல டியூட்டி இருக்கு" என்பாய்.

நான் உன்னைச் சீண்டாத வருஷம் இல்லை. "இன்னுமா அதே மாடல்? ஊருல இருக்கிறவன் எல்லாம் புதுசு புதுசா விடறான்."

"இட்லிப் பானைக்கு யாராவது புது டிசைன் போட்டாங்களா? வேகுதா இல்லையா, அதைக் கேளு."

வேகத்தான் செய்தது. ஒவ்வொரு முறை அது கிளம்பும்போதும் உன்னிடமிருந்து போனில் 'ஏறியாச்சு' என்று ஒரே வார்த்தை வரும். இறங்கும்போது, 'பொத்துன்னு விழுந்தாங்க, நல்லா இருக்காங்க'.

ஆனால் இட்லிப் பானை என்று பேசினவள்தான் புதுக் கப்பலுக்கும் ஏங்கினாய். முதலில் உன் ரஷ்யாக்காரர்கள் சிறகு வைத்த ஒன்று வரப்போகிறது என்றார்கள். கிளிப்பர் என்று பேர். அட்டையில் வெட்டி ஒட்டினாய். அதை அவர்கள் கைவிட்டார்கள். பிறகு கூம்பு மாதிரி ஒன்று, நாலு பேர் போகலாம், திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றார்கள். கிளிப்பரைப் பிரித்துப்போட்டுவிட்டு அந்தக் கூம்பைச் செய்ய உட்கார்ந்தாய். ஃபெடரேஷன் என்று பேர் வைத்தார்கள். டப்பா மூடியில் அழகாக எழுதினாய். அப்புறம் ஓர்யோல், கழுகு, என்று மாற்றினார்கள்; அடித்துவிட்டு எழுதினாய். எந்த ராக்கெட்டில் போகும் என்பதை மாற்றினார்கள், எங்கிருந்து கிளம்பும் என்பதை மாற்றினார்கள், தேதியைக் கேட்கவே வேண்டாம். கண்காட்சிக்குக் கண்காட்சி அதன் மாதிரியை மட்டும் விளக்குப் போட்டு நிற்கவைத்தார்கள். "உங்க ஆளுங்களும் கொலுதான் வெக்கறாங்க" என்று நான் சிரித்தேன். உனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

"அதனாலதான் சொல்றேன். நாமளும் அப்படி வெக்கக் கூடாது. ஆளை ஏத்திக்கிட்டுப் போகட்டும், அந்த வருஷம் கொலுவுல வெக்கலாம். அதுவரைக்கும் டப்பாவுலதான்."

என் கொலுப் பார்க்கில் அதற்கென்று ஒரு மேடை மட்டும் செய்து வைத்தாய். காலி மேடை. கொலு பார்க்க வந்த ஒரு மாமி, "இதென்ன, பொம்மை உடைஞ்சிடுத்தா?" என்று கேட்டார். "இல்லைங்க மாமி, இன்னும் வரலை" என்றாய். உன் வீட்டுக் குடிலிலும் கிறிஸ்துமஸ் இரவு வரை தீவனத்தொட்டி காலியாகத்தான் இருக்கும். பாலன் பிறக்கிற நேரத்துக்கு முன்னால் யாராவது பொம்மையை எடுத்து வைத்தால் கையில் அடிப்பாய். "வர்றவங்களுக்கு இடம் போட்டு வெக்கலாம். வந்துட்ட மாதிரி நடிக்கக் கூடாது."

உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். துவாக்குடியில் நாம் நாலு வருஷம் வரைந்த அந்தப் பெரிய உலை. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் திருத்த எண் ஏறிக்கொண்டே போனது. அரை பிளேடால் மையைச் சுரண்டிச் சுரண்டி டிரேசிங் தாளே சல்லடை ஆனது. உனக்குப் பிள்ளை பிறந்து, லீவு முடிந்து வந்தபோதும் அதே பக்கவாட்டுத் தோற்றத்தைத்தான் நான் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆர்டர் கொடுத்தவர்கள் வேண்டாம் என்றார்கள். "எடுத்து வைங்கம்மா" என்றார் இன்ஜினீயர், அவ்வளவுதான். இரண்டு பேரும் சுருட்டி பீரோமேல் வைத்தோம். பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நாம வரைஞ்சதுல இது ஒண்ணாவது இரும்பாகியிருக்கணும்டி" என்றாய். அதற்குப் பிறகு நீ அந்த உலையைப் பற்றிப் பேசவே இல்லை. பேசினதெல்லாம் கப்பலைப் பற்றித்தான்.

எங்கோ பனிப்பிரதேசத்தில் ஒரு டிராயிங் ஆபீசில் உன்னைப் போலவே ஒருத்தி உட்கார்ந்து அதே கூம்பைத் திருத்திக்கொண்டிருப்பாள் என்று நீ நம்பினாய். அவளுடையதாவது இரும்பாக வேண்டும். உனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

கடைசி சில வருஷங்கள் உன் இட்லிப் பானையும் உன்னைச் சோதித்தது. மேலே விண்வெளி நிலையத்தில் நின்றுகொண்டிருந்த சோயுஸில் குளிர்விக்கிற திரவம் ஒழுகி, ஏறிப்போனவர்களை அழைத்துவர யாரையும் ஏற்றாமல் காலியாக இன்னொன்றை அனுப்பினார்கள். "பார்த்தியா, கூட்டிட்டு வந்துட்டாங்க" என்றாய், குரலில் பழைய திமிர் இல்லை. அதே வருஷம் ஆவணியில் அவர்கள் நிலவுக்கு அனுப்பினது போய் மோதியது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்குப் பிறகு அனுப்பினது. அடுத்த சில நாளில் நம்முடையது இறங்கியது. உனக்கு அப்போதே உடம்பு சரியில்லை. என் வீட்டு டிவி முன்னால் சால்வையைப் போர்த்திக்கொண்டு கை வலிக்கத் தட்டினாய். நான் வாய் சும்மா இல்லாமல், "உன் ஆளுங்க பாவம்டி" என்றேன்.

சட்டென்று திரும்பினாய். "பாவம்னு சொல்லாத. எங்க தப்புன்னு கேளு. பாவம்னு சொல்றது ஆளைக் கைகழுவுறது."

இந்த வருஷம் தை பிறந்து சில நாளில், ஆஸ்பத்திரியில், உன்னைப் பார்க்க வந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டே, "டப்பா பத்திரமா இருக்கா?" என்றாய். இருக்கிறது என்றேன். "நான் போயிட்டேன்னு பாவம் பார்த்து எடுத்து வெச்சிடாதடி" என்றாய். போகிறவள் வேறு ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா? என்னைப் பற்றி ஒரு வார்த்தை? எனக்கு அன்றைக்கு உன்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

நீ போன பிறகும் நான் உனக்காகச் செய்தி பார்க்கிறேன். போன மாசம் சோயுஸ் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஒழுங்காகத்தான் போனது. ஆனால் அது கிளம்பின பிறகு ஏவுதளத்தின் அடியிலிருந்த பராமரிப்பு மேடை பிய்ந்து கீழே குழிக்குள் விழுந்துவிட்டது. ஆள் போவதற்கு அவர்களிடம் இருக்கிறது அந்த ஒரு தளம்தான். பழுது பார்க்கிறார்களாம். சொந்தமாகக் கட்டப்போகிற நிலையம் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் என்றார்கள். இப்போது பழைய பாதையிலேயே சுற்றலாம் என்று யோசிக்கிறார்களாம். உன் கழுகு இன்னும் சில வருஷத்தில் பறக்குமாம், முதலில் ஆளில்லாமல். படித்துவிட்டு போனைக் கட்டிலில் வீசினேன். முதல் மனிதனை மேலே அனுப்பினவர்களுக்கு இதைச் செய்துமுடிக்க ஏன் முடியவில்லை என்று, ஸ்ரீரங்கத்தில் ஒரு கிழவி தனியாக உட்கார்ந்து கத்துகிறாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நீ சிரிக்கமாட்டாய், 'எங்க தப்புன்னு கேளு' என்பாய். அதுதான் வேண்டியிருந்தது.

டப்பாவைத் திறந்து பார்த்தேன். கூம்பின் ஒரு பக்கம் பசை விட்டிருக்கிறது. நாலு இருக்கை, தீக்குச்சிப் பெட்டியில் செய்தவை. வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். வைத்தால் என்னவாம் என்றுதான் முதலில் தோன்றியது. கேட்கவா வரப்போகிறாய்? உன் மகள் சந்தோஷப்படுவாள், பங்குச்சாமியார் பாராட்டுவார், நாலு பேர் செல்ஃபி எடுப்பார்கள். பசை விட்ட இடத்தை ஒட்டி, காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு திரும்ப டப்பாவில் வைத்து மூடினேன். அவ்வளவு பேர் பார்க்க ஒரு பொய்யை உன் கையால் செய்ததாக நிற்கவைக்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பாலக்கரைக்கு, உன் மகள் வீட்டுக்குப் போனேன். ஒரு பையில் சோயுஸும் காலி மேடையும், இன்னொரு பையில் டப்பா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, "பேரப்புள்ளைக்குக் கிலுகிலுப்பையாங்க?" என்றார். "ஆமாங்க" என்றேன். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் சொல்லி முடிகிற கதையா அது?

உன் மகள் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். சோயுஸை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் கட்டினோம். காலித் தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, காலி மேடையை வைத்தேன். அவள் மேடையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள்.

"இப்படியே இருந்தா எப்ப ஆன்ட்டி வெக்கறது? அம்மா பார்க்கலை. நீங்களும்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"நானும் பார்க்காமப் போகலாம். அதனாலதான் இதை உங்கிட்ட கொடுக்கறேன்." டப்பாவை அவள் மடியில் வைத்தேன். "ஆளை ஏத்திக்கிட்டுப் போகட்டும், அந்த வருஷம் எடுத்து வை. அதுவரைக்கும் டப்பாவுலதான். உங்கம்மாவுக்காகவும் வேணாம், எனக்காகவும் வேணாம். பாவம் பார்த்து வெச்சிடாதம்மா."

சொல்லும்போதுதான் உறைத்தது, நீ ஆஸ்பத்திரியில் கேட்டதையே நான் எனக்காகவும் கேட்கிறேன் என்று. அவள் அழுதாள். நான் அழவில்லை, காலியான பையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்ததும் வழக்கம்போல் போனை எடுத்து உன் கப்பலைத் தேடினேன். புதுச் செய்தி ஒன்றும் இல்லை. உன் ரஷ்யாக்காரர்களை வாயில் வந்தபடி திட்டினேன். பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது.