பிந்திச் சிரித்தவள்

இன்று காலை என் வகுப்புக்குள் ஓர் ஆடு புகுந்துவிட்டது. அதைத் துரத்திக்கொண்டு பிள்ளைகள் இருக்கும் கடைசி வாங்கின் பின்னால் போய், “நீயும் இரண்டாம் வகுப்போ?” என்று கேட்டேன். பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒரு பையனின் தலை மட்டும் முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் திரும்பியது. அதன் பிறகுதான் அவன் தோள் குலுங்கியது. சிநேகிதி, உடனே உம்மை நினைத்தேன். நீர் கண்மூடி இரண்டு மாரி கழிந்துவிட்டது.

சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நம் இரண்டு வகுப்புக்கும் ஒரே மண்டபம்; நடுவில் ஒரு தட்டிகூட இல்லை. மேற்குச் சுவரோடு நான், கிழக்குச் சுவரோடு நீர். என் பிள்ளைகளின் முகங்களை நான் பார்த்தேன். உமக்குத் தெரிந்தது அவர்களின் முதுகுகள்தான்.

என் வகுப்பு நாகம்மாவைப் படிப்பை மறித்துக் கூட்டிக்கொண்டுபோக அவளுடைய தகப்பன் வந்தது நினைவிருக்கிறதா?

“படிப்பு ஏறேல்லை ரீச்சர். கூப்பிட்டாலும் ஏனெண்டு கேளாள். புகையிலைத் தோட்டத்திலை வாய்க்கால் தண்ணி மாறட்டும்.”

அப்போதுதான் வெண்கட்டியும் கையுமாக நீர் வந்தீர்.

“பொறுங்கோ ஐயா. எல்லாரும் சிரிச்சாப் பிறகுதான் உவள் சிரிக்கிறாள். முதல் பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பாக்கிறாள்.”

அவளுக்குப் பின்னால், வலப்பக்கமாக நின்று பெயரைச் சொன்னீர். அவள் அசையவில்லை. இடப்பக்கம் வந்து அதே குரலில் சொன்னீர்.

“ஏன் ரீச்சர்?” என்றாள்.

தகப்பன் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, எத்தினை தரம் அடிச்சுப்போட்டன்.”

அத்தனை சிலேட்டுகளில் கணக்குத் திருத்திக்கொண்டு, மண்டபத்தின் மறுகோடியில் ஒரு பின்னல் திரும்புவதை எப்படிக் கண்டீர் என்று கேட்டேன்.

“எல்லாருந்தான் அசையினம். பிந்தி அசையிறது கண்ணிலை குத்தும்” என்று சொல்லிவிட்டு உம்முடைய கரும்பலகைக்குப் போய்விட்டீர். அதை ஒரு பெரிய விஷயமாகவே நீர் எண்ணவில்லை. எனக்கோ அந்த வியப்பு இன்னும் அடங்கவில்லை.

நாகம்மாவை, கேட்கும் இடக்காது வகுப்புப் பக்கம் இருக்க, முன்வாங்கின் வலது ஓரத்தில் இருத்தினோம். ஒரு நாள் என் பகிடிக்கு அவள் முதல் ஆளாகச் சிரித்தாள். மறுகோடியிலிருந்து நீரும் சிரித்தீர்.

ஆடு போன பிறகும் நான் முன்னால் போகவில்லை. அந்தப் பையனின் பின்னால், இடப்பக்கமாக நின்று மெல்லப் பெயர் சொன்னேன். அசையவில்லை. வலப்பக்கம் மாறினேன்.

“ஏன் ரீச்சர்?”

பள்ளிக்கூடம் விட்டதும் அவன் வீட்டுக்குப் போகிறேன். இவனுக்கு அடி விழ முன்னம் சொல்லிவிட வேண்டும்.