தலைகீழாக நட்ட மரவள்ளிக் குச்சி

மண் ஒட்டிய கையோடு வந்து கதவைத் தட்டும் என் ரோசலினுக்கு,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னை வந்து சேரும் என்று நான் நம்பவில்லை. இறந்தவர்களுக்குச் சேதி போகும் என்று நம்புகிறவள் அல்ல நான், உனக்குத் தெரியும். ஆனால் படிக்க வேண்டிய இன்னொருவர் நிச்சயம் படிப்பார்.

நீ எழுதிக் கொடுத்த பேச்சுகளை வானொலியில் வாசித்தாரே, அவருக்குப் பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். 'உழவுச் சொல் காவலர்' என்று பட்டம். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை மதியம் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் வேலை முடிந்ததும் நீ எங்கே போவாய் என்று அவருக்குத் தெரியுமா? கப்பல் சுமை இறக்குகிறவர்களின் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் கீரையும் வெண்டையும் போட்டிருந்த இடத்துக்கு. வெறுமனே கேட்டால் அவர்கள் வாயில் பழைய உழவுச் சொல் வராது. நீயும் குனிந்து வேலை செய்தாய். வேலையோடு சொல்லும் வந்தது. கையால் பிடுங்கினால் களையெடுப்பு, கருவியால் வெட்டினால் களைக்கொத்து. செடியின் காலடியில் மண்ணைக் கூட்டிவிட்டால் மண் அணைப்பு. வாரம் ஒரு சொல், வாரம் ஒரு பேச்சு.

தொழிற்சாலைகள் முளைக்கும் ஊரில் இதெல்லாம் யாருக்கு என்று நான் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவளின் கேள்வி.

"சங்குல் மண்வெட்டியத் தூக்குனா எல்லாத்துக்கும் வெட்டு, வெட்டுன்னு ஒரே வார்த்தைதான்கா. மண்ணு என்ன ஆடா?" என்றாய்.

உன் குரல் கம்மல் என்று வானொலிக்கு அவரைப் பிடித்தார்கள். முதல் இரண்டு வாரம் உன் பெயரைச் சொன்னார். பிறகு விட்டுவிட்டார். நான் சண்டைக்குக் கிளம்பியபோது, "போகட்டும்கா, நாலு பேரு கேக்குறாங்கல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்தப் பிடி இப்போது இல்லை.

பட்டம் என்று கேள்விப்பட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். மேடையில் உன் பெயரை ஒருமுறை சொல்லச் சொன்னேன். அவ்வளவுதான் கேட்டேன்.

"செத்தவங்களுக்குப் பேரு எதுக்கு டீச்சர்? சொல்லு எல்லாருக்கும் பொது லா" என்றார். தேநீர் ஆறுகிறது என்றும் சொன்னார். நான் குடிக்கவில்லை.

விழா முடிவில் அவர் கையால் ஏதாவது நட வேண்டும் என்று ஏற்பாடு. செடி கொண்டுவரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் சமையலறைக்குப் பின்னால் நிற்கும் மரவள்ளியில் ஒரு குச்சி வெட்டினேன். அடிப்பக்கம் எது என்று தெரிய நீ அதைச் சாய்வாகச் சீவுவாய். நான் இரண்டு முனையையும் மட்டமாக வெட்டினேன். வேண்டுமென்றே. இனி குச்சியின் கணுவில் இருக்கும் கண்ணைப் பார்த்துத்தான் மேல் கீழ் தெரியும். 'கண் வானம் பார்க்க நடுங்கள்' என்று நீ எழுதியதை அவர்தான் வாசித்தார், உருக்கமாக. குச்சியைப் படுக்கவைத்துத் தட்டில் நீட்டினேன்.

அவர் அதைத் தலைகீழாக நட்டார்.

கை தட்டினார்கள். ஆனால் முன்வரிசையில் இருந்தவர்கள் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளி தின்று உயிர் பிழைத்தவர்கள். உனக்கு மண் அணைக்கக் கற்றுக் கொடுத்த முனியம்மா அக்காவும் அங்கே இருந்தார். நான்தான் அழைத்து வந்திருந்தேன்.

"ஐயா, கண்ணு மண்ணப் பாக்குது" என்றார் முனியம்மா அக்கா.

"எப்படி நட்டாலும் மொளைக்கும்மா," என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மொளைக்கும்யா. ரேடியோல வேற மாதிரி சொன்னீங்களே. அது யாரு, உங்க தம்பியா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. விழாத் தலைவர் தர்மசங்கடமாக என்னைப் பார்த்தார், டீச்சர் ஏதாவது சமாளிப்பார் என்று.

"ரேடியோவில் வந்ததை எழுதியவள் ரோசலின்," என்றேன். "அவளுக்கு நடத் தெரியும்."

வாசலில் பட்டம் வாங்கியவர் என்னை மறித்தார். "தனியா சொல்லியிருக்கலாமே டீச்சர். இத்தனை பேரு முன்னாடி..."

"தனியாச் சொன்னேன். தேநீர் ஆறுதுன்னீங்க."

இது உனக்குப் பிடித்திருக்காது. பாவம்கா என்று சொல்லியிருப்பாய். வீட்டுக்கு வந்து, வருத்தம் வருகிறதா என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

குச்சி முளைத்துவிட்டது. மண்ணுக்குள் கீழே கிளம்பிய தளிர் வளைந்து திரும்பி, கோணலாக வெளியே வந்திருக்கிறது. சரியாக மாற்றி நடட்டுமா என்று மண்டபத்துக் காவலாளி கேட்டார். தொடாதீங்க என்றேன். வருகிறவர்கள் நின்று, "இது யாரு நட்டது?" என்று கேட்கிறார்கள். காவலாளி நன்றாகப் பதில் சொல்கிறார்.

அந்தப் பேச்சுகள் இப்போது புத்தகமாக வரப்போகின்றன, அவர் பெயரில். அதனால்தான் இந்தக் கடிதம். உன் பெயரை அவர் விட்டார். அவர் பெயரை நானும் இதில் எங்கும் எழுதவில்லை. விழாவுக்கு வந்தவர்களுக்கு ஆள் யார் என்று தெரியும். மற்றவர்களுக்கு அந்தப் பெயர் தேவையில்லை.

உனக்கு ஒரு வாக்கு, ரோசலின். முதல் பக்கத்தில் நீ இல்லாமல் அந்தப் புத்தகம் எந்த மேடையில் வெளிவந்தாலும் நானும் முனியம்மா அக்காவும் முன்வரிசையில் இருப்போம். என் மடியில் ஒரு குச்சி இருக்கும். இரண்டு முனையும் மட்டமாக வெட்டியது.

உன்னோடு பிறக்காத உன் அக்கா,
பவானி