சத்தம் மட்டும்

மார்ச் 2, ஞாயிறு

இண்டைக்கும் மைதானத்துக்கு, யனுஷன்ர மச் பாக்கப் போனனான். என்ர மனிசி கம்சிகா வழக்கமா நிக்கிற மூலையிலதான் நிண்டன். அவள் செத்தாப்பிறகு மாமிதான் சொன்னவ, "பெடியன் தனிய விளையாடக் கூடாது, ஆரும் ஒராள் போய் நில்லுங்கோ" எண்டு.

ரக்பி லீக் எனக்கு இன்னும் விளங்கேல்லை. பதின்மூண்டு பேர். ஒருத்தன் பந்தோட ஓடுறான், மற்றவங்கள் விழுத்துறாங்கள், எழும்பிப் பந்தைக் காலால பின்னுக்குத் தட்டுறான், திரும்ப விழுத்துறாங்கள். இதுக்கு யனுஷனுக்குச் சம்பளம். என்ர மச்சான், கம்சிகாவின்ர ஒரே தம்பி. இஞ்ச லண்டனில, ஈஸ்ட் ஹாம் மரக்கறிக் கடையில மாமி "மகன் ஃபுட்போல் விளையாடுறவர்" எண்டுதான் சொல்லுவா. விளங்கப்படுத்திக் களைச்சுப்போனா.

வெண்டவங்கள் எண்டு நினைக்கிறன்.

மார்ச் 5

வேலை. ஒரு பிளட்டில லிப்ட் திருத்தப் போனன், கதவு பூட்டேல்லை. சென்சர் மாத்தினன். பூட்டினது.

மார்ச் 9, ஞாயிறு

அவன்ர ஒவ்வொரு மச்சையும் கம்சிகா போனில எடுத்து வைச்சிருக்கிறாள், பள்ளிக்கூடக் காலத்தில இருந்து. நான் படம் பாக்கிறேல்லை. சத்தத்துக்காகத்தான் போடுறனான். யனுஷன் விழுந்த உடன "எழும்படா தம்பி!" எண்டு கத்துவாள். அவன் படுத்தபடியே ஒரு கையைத் தூக்குவானாம், ஒண்டுமில்லை அக்கா எண்டு, அவள்தான் சொல்லுறவள். உடன சிரிப்பாள். பக்கத்தில ஒரு வெள்ளைக்காரன் அவளை மாதிரியே "எலும்படா" எண்டு கத்திப் பாக்கிறான். இன்னும் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்போட நிப்பாட்டுவன். பின்னுக்கு இழுத்துத் திரும்பப் போடுவன்.

போன ஜூலை, வேலைக்குப் போற ரெயினுக்குள்ளதான் அவள் செத்தவள். நெஞ்சில இரத்தக்கட்டி. அழுகை இன்னும் வரேல்லை. எங்க போனது?

ஏப்ரல் 6

யனுஷன் போன் எடுத்தவன். வடக்கில ஒரு பெரிய கிளப், தங்கட ரீமுக்கு எடுக்கலாமோ எண்டு அவனைப் பாக்க ஆள் அனுப்புதாம். "அத்தான், பன்ரெண்டு வயசில இருந்து நானும் அக்காவும் இதுக்குத்தான் நாயா அலைஞ்சனாங்கள்." சந்தோசம் எண்டு சொன்னன். சொல்ல வேணும்தானே.

ஏப்ரல் 13, ஞாயிறு

காரால இறங்கின உடன எழுதுறன்.

ஒருத்தன்ர தோள் யனுஷன்ர தலையில அடிச்சுது. விழுந்தான். கத்த அவள் இல்லை. நான் வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அவனாத்தான் எழும்பினான்.

கிளப் டொக்டர் உள்ள கூட்டிக்கொண்டு போய், மூளையில அடியோ எண்டு பாக்கக் கேள்வி கேட்டவராம். இது எந்த மைதானம், போன கிழமை ஆரோட விளையாடினனீங்கள், மாசங்களைப் பின்னுக்கிருந்து சொல்லுங்கோ. எல்லாம் சரியாச் சொல்லிப்போட்டான். பாஸ். திரும்ப இறங்கி விளையாடினவன்.

முடிய, பையோட காருக்கு வந்தான். முன் கதவைத் திறந்து சீற்றைப் பாத்தான்.

"அக்கா எங்க அத்தான்? இன்னும் ஆரோட அலட்டிக்கொண்டு நிக்கிறா?"

சாதாரணமாத்தான் கேட்டான். நான் திரும்பி அந்த மூலையைப் பாத்தன். கடவுளே, நானும் பாத்தன்.

அவனை நோர்பரியில வீட்டடிக்குக் கொண்டுபோனன். வீட்டு வாசலில, "டேய், காரில ஏறேக்க என்ன கேட்டனீ?" எண்டன்.

"ஒண்டும் கேக்கேல்லையே."

ஏப்ரல் 14

அவன் கேட்டதை அவனுக்கே சொன்னன், போனில.

"விசர்ப் பகிடி விடாதேங்கோ அத்தான்." பேந்து, "டொக்டரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. பாஸ் பண்ணீட்டன்தானே. ஞாயிறு அவங்கள் பாக்க வாறாங்கள். பிளீஸ். அக்கா இருந்தாச் சொல்லியிருக்கமாட்டா."

அவள் இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இராது. சும்மா ஒரு கேள்வி எண்டு விட்டிருப்பன்.

ஏப்ரல் 15

மாமி போன் எடுத்தவ. ஐயர் கம்சிகாவின்ர முதல் வருச ஆட்டைத் திவசத்துக்கு நாள் சொல்லிப்போட்டாராம், ஜூலை ஆறு. "யனுஷனுக்கு அண்டைக்கு மச் இருக்கோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. அக்காவுக்கு எள்ளுத்தண்ணி இறைக்க அவனும் நிக்க வேணும்." ஓம் மாமி எண்டன். உங்கட மகன் அக்காவைத் தேடினவன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

ஏப்ரல் 16

ஃபாரஸ்ட் கேட்டில ஒரு லிப்ட். எல்லா டெஸ்டும் பாஸ். ஆனா நாலாம் மாடியில இருக்கிற மனிசி, "குலுங்குது, நான் ஏறமாட்டன்" எண்டு நிண்டா. மெஷின் சரி எண்டாலும், ஏறின ஒராள் குலுங்குது எண்டாப் பூட்டிப்போட்டுத்தான் தேடுறது. ஆக்கள் பேசுவினம். பேசிப் பேசிப் படியேறுவினம்.

பூட்டினன். வேலை வானுக்குள்ள ஏறியிருந்து கிளப் டொக்டருக்குப் போன் அடிச்சு எல்லாம் சொன்னன்.

ஏப்ரல் 18

யனுஷன் என்ர நம்பரை புளொக் பண்ணீட்டான்.

மே 11

பெரிய டொக்டர் சொல்லிப்போட்டாராம், இனி விளையாடவே ஏலாது. அண்டைக்கு விழுந்தது மட்டுமில்லை. மாரிக் காலத்தில இருந்தே தலைசுத்து இருந்திருக்கு, மறைச்சிருக்கிறான். இருபத்திநாலு வயசு.

மாமி கேட்டா, "நீங்கள் சொல்லாம விட்டிருந்தா?" ஏச்சோ, நன்றியோ? அவவுக்கே தெரியேல்லைப் போல.

அவனைக் காப்பாத்தினனோ, கெடுத்தனோ?

ஜூன் 1

ஞாயிறு. போக மச் இல்லை. காருக்குள்ள இருந்துபோட்டு வந்தன்.

ஜூலை 6, ஞாயிறு

என்ர வீட்டில திவசம் முடிஞ்சுது. யனுஷன் கறுப்புக் கண்ணாடியோட வந்தவன். வெளிச்சம் பட்டாத் தலை வெடிக்குதாம். எள்ளுத்தண்ணி இறைக்கேக்க எனக்குப் பக்கத்திலதான் நிண்டான்.

சாப்பிட்டு எல்லாரும் போயிட்டினம். மாமி குசினிக்குள்ள. அவன் கர்ட்டினை இழுத்துவிட்டு சோபாவில படுத்திருந்தான். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனன்.

"அத்தான்."

நிண்டன்.

"அக்கா எடுத்த வீடியோ இருக்கே?"

"உனக்கு ஸ்கிரீன் பாக்க ஏலாதெல்லோ."

"படம் வேண்டாம். சத்தம் மட்டும் போடுங்கோ."

அவள் எடுத்ததுகளை ஏத்தி வைச்சிருக்கிற லப்டொப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைச்சுப் போட்டன். விசில். சனத்தின்ர இரைச்சல். ஆரோ விழுற சத்தம். பேந்து அவள்: எழும்படா தம்பி!

கண் மூடினபடி, படுத்தபடி, அவன் ஒரு கையைத் தூக்கினான்.

அவள் சிரிச்சாள். அந்த இடத்தில நான் நிப்பாட்டேல்லை. மச் முடியுமட்டும் ஓடட்டும் எண்டு விட்டிட்டு, தட்டுகளோட அவன்ர கால்மாட்டில இருந்தன்.