லேப்டாப்பின் நெற்றியில் சந்தனப் பொட்டு

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் லோஷினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டிவலி மட்டும் மழை வந்தால் வருகிறது, மழை விட்டால் போகிறது. டப்ளின் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸில் என்னோடு வேலை செய்யும் சூசனின் மகன் ரேமண்ட் நாளை அங்கே வர விமானம் ஏறுகிறான், அவனிடம் தீபாவளி முறுக்கும் நெய்யுருண்டையும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா குறுக்கே பாய்வார். பரீட்சை நடந்த கதை என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டது பாதிக்கு மேல் புளுகு. முடிவை மட்டும் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன், என் பிள்ளைக்கு அதை நான்தான் சொல்ல வேண்டும். ஆகையால் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் ஒழுங்காகப் படி.

போன தடவை இந்தப் பரீட்சையில் நான் கோட்டை விட்டது உனக்குத் தெரியும். வயர்லெஸ் வேலையில் இது மேல்படி, பெரிய கட்டடம் ஒன்றைக் கொடுத்து எந்தச் சுவர் சிக்னலைத் தின்னும், எத்தனை வைஃபை பெட்டி எங்கே மாட்ட வேண்டும், ஒரு நர்ஸ் போனில் பேசிக்கொண்டே நடந்தால் இணைப்பு அறுந்து போகாமல் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு எப்படி மாறும் என்று குடைந்து குடைந்து கேட்பார்கள். எங்கள் கம்பெனிக்குப் புது ஆஸ்பத்திரி வேலை ஒன்று வந்திருக்கிறது, சான்றிதழ் வைத்திருப்பவர்தான் தலைமை என்று மேனேஜர் திருச்செல்வம் சொல்லிவிட்டார். ஆபீஸில் நான்தான் மூத்தவள், தேறினால் எனக்கு, தேறாவிட்டால் அது எனக்குக் கீழே இருக்கும் ரிஷிக்குப் போகும். ரிஷி நல்ல பையன்தான், ஏற்கெனவே பாஸ் செய்தவன், அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். இந்த வயதில் எதற்கும்மா இதெல்லாம் என்று நீ கேட்டாய் பார், எனக்குச் சுருக்கென்றது. ஆசையாக இருக்கிறது, அதற்காகத்தான். ஆசைக்கு வயது பார்த்தால் உன் அப்பா இன்னும் சாலையோரக் கடையில் காரமாக ரோஜாக் வாங்கிச் சாப்பிடுவாரா.

படித்த லட்சணத்தைக் கேள். மாப்புக் கட்டையின் நுனியில் வைஃபை பெட்டியைக் கட்டி அப்பாவைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான் லேப்டாப்போடு ஒவ்வொரு அறையாக நடந்து சிக்னல் அளந்தேன். எங்கள் தொழிலில் உண்மையாகவே இப்படித்தான் அளப்பார்கள், கம்பம் மட்டும் கொஞ்சம் நல்லதாக இருக்கும். பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்னா லா, வீட்ட விக்கப் போறீங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே” என்று கேட்டுவிட்டார். அப்பா கை வலிக்கிறது என்று கட்டையைக் கீழே இறக்கும்போதெல்லாம் என் கணக்கு தப்பாகும், நான் கத்துவேன், அவர் மறுபடி தூக்குவார். பாவம், அதில் குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில். பரீட்சைக்குத் தேதி எடுக்கும்போது நான் காலண்டர் பார்க்கவில்லை, அது விஜயதசமி அன்று விழுந்துவிட்டது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ அப்புறம்தான் உறைத்தது, முதல் நாள் சரஸ்வதி பூஜை, பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது. சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை புரட்டலாம் என்று சுண்டலைத் தாளித்து இறக்கிவிட்டு வந்து பார்த்தால் மேசையில் ஒன்றும் இல்லை. என் புத்தகங்கள், லேப்டாப், மூக்குக் கண்ணாடி, என் ஐ.சி. அடையாள அட்டை, எல்லாம் அம்பாள் முன்னால் மாலையோடு உட்கார்ந்திருக்கின்றன. போதாததற்கு வைஃபை பெட்டியையும் பிடுங்கி வைத்துவிட்டார், அதுவும் ஆயுதம்தானாம். நான் சாமியாடாத குறை. “நாளைக்கு எழுதப் போறத இன்னிக்குப் படிச்சா மட்டும் ஏறிடுமா, அம்பாள்கிட்ட ஒரு ராத்திரி இருக்கட்டும்” என்கிறார் மனிதர். கோபத்தில் சுண்டலில் பாதியை நானே தின்றேன். படித்ததையெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே படுத்தேன்.

காலையில் மறுபூஜை முடித்து எல்லாவற்றையும் எடுத்து, துடைத்து, உன் பழைய அறையில் உட்கார்ந்தேன். இந்தப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் எந்த நாட்டிலோ இருக்கும் ஒரு பெண் லேப்டாப் கேமரா வழியாக நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அறையில் வேறு ஆள் கூடாது, பேசக்கூடாது, முகத்தை மறைக்கக்கூடாது. அவள் திரையில் எழுதுகிறாள், உங்கள் முகம் தெரியவில்லை, மஞ்சளாக மட்டும் தெரிகிறது, உடனே சரிசெய்யாவிட்டால் பரீட்சை ரத்து என்று. விளக்கைப் போட்டேன், நாற்காலியை நகர்த்தினேன், மஞ்சள் போகவில்லை. பிறகுதான் பார்க்கிறேன், லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பொட்டு வைத்திருக்கிறார் உன் அப்பா, எங்கே தெரியுமா, மேலே சரி நடுவில், கேமராவின் மேலேயே. நான் குங்குமத்தைத் துடைத்தேனே தவிர, அடியில் காய்ந்திருந்த சந்தனத்தைக் கவனிக்கவில்லை. அப்புறம் கேட்டால், “அதுதான் அதோட நெத்தி மாதிரி இருந்துச்சு” என்கிறார். சுரண்டினேன், போகவில்லை. தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டால் இன்னொரு ஆளின் குரல் கேட்டது என்று அதற்கும் ரத்து செய்வார்கள். கடைசியில் முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துத் தேய்த்தேன். விஜயதசமியும் அதுவுமாக எச்சில், அம்பாள் பொறுத்துக்கொள்ளட்டும். சந்தனம் விட்டது. முகம் தெரிகிறது, தொடங்கலாம் என்றாள் அந்தப் பெண்.

முதல் கேள்வியைப் பார்த்ததும் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. கை தானாக வேலை செய்தது. நடுவில் இரண்டு மூன்று கேள்விகள் கழுத்தைப் பிடித்தன, அவற்றை விட்டுவிட்டுத் திரும்பி வந்து முடித்தேன். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. அப்புறம் வந்தது லோஷினி, தேறிவிட்டேன் என்று வந்தது. ஆஸ்பத்திரி வேலை எனக்குத்தான். சத்தம் போடக்கூடாதே, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது, துடைக்கலாம் என்று கையைத் தூக்கினால், தயவுசெய்து முகத்தை மறைக்காதீர்கள் என்று எழுதுகிறாள். ஆகவே கையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக, அவளைப் பார்த்துக்கொண்டே அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, வாழ்த்துகள் அம்மா என்று ஆங்கிலத்தில் எழுதினாள். அவளுக்கு என்னை யாரென்று தெரியாது. அவளுக்குப் பதில் நீ பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், அதற்கும் சேர்த்து அழுதேன்.

தீபாவளியன்று குளிர் என்று சாக்குச் சொல்லாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. எங்களோடு வீடியோவில் பேசும்போது பக்கத்தில் மைக்ரோவேவை ஓட விடாதே, உன் முகம் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான், அப்பா சொல்வதுபோல் டப்ளின் பனியால் அல்ல. முறுக்கை ரேமண்டுக்கும் கொடு. நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீ நீடூழி வாழ வேண்டும். இதைப் படித்து முடித்தவுடன் கூப்பிடு, அங்கே எந்த நேரமானாலும் சரி. நான் மறுபடி ஒரு தடவை அழ வேண்டும், இந்தத் தடவை நீ பார்க்க வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா