கருவாட்டுக் களத்தில் கொன்னை வெள்ளையன்

ஜனவரி 6, செவ்வாய்

பனி. காற்று இல்லை. வண்ணத்துப்பூச்சி படம் எடுக்க நல்ல காலை. கருவாட்டுக்கு மோசமான காலை.

லைட்ஹவுஸ் குப்பம், கருவாட்டுக் களம். அம்மாவும் வள்ளி அத்தையும் உப்பில் ஊறிய மீனை வலைமேல் பரப்பிக்கொண்டு. நான் பக்கத்தில் மணலில் குப்புற. தொட்டியின் உப்புத் தண்ணீரை அவர்கள் கொட்டுகிற ஈர மணலுக்குத்தான் கொன்னை வெள்ளையன் பூச்சி கூட்டமாக இறங்கும், உப்பை உறிஞ்ச. குடிக்க ஆரம்பித்துவிட்டால் லென்ஸ் மூக்கை இடித்தாலும் பறக்காது.

"இன்னாடா அப்டி மோந்து பாக்கறே? பொண்ணு பாக்க வந்தியா?" அத்தை.

"ஆமா, சீர்வரிசைக்கு உன் கருவாடுதான்."

அம்மாவிடம்: "தள்ளும்மா, உன் சீலை ஃப்ரேம்ல வருது." தள்ளி நின்றாள். மீன் வலையையும் இழுத்து ஒதுக்கினாள்.

ஒரு படம் அமைந்தது. சுருள் நாக்கு, பச்சைக் கண், பின்னால் எல்லாம் கரைந்து வெறும் புகை மாதிரி. கழுத்து வலி. பொன்னேரி ஸ்டுடியோவில் வேலைக்கு லேட். கல்யாண ஆல்பம் இன்னும் முடியவில்லை.

ஜனவரி 8, வியாழன்

செவ்வாய்க்கிழமைப் படத்தை நெட்டில் போட்டேன், எல்லார் போனிலும் சுற்றுகிறது. ஏதோ சுற்றுலா ஆபீசிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "பழவேற்காட்ல இப்டி ஒரு எடமா? எங்க தம்பி?" சொன்னேன். லொகேஷனும் அனுப்பினேன். பெருமையாகத்தான் இருந்தது.

சார்ஜர் ஒயர் பிய்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜனவரி 10, சனி

ஜீப். டேப். வேலிக்குச் சிமெண்ட் கால்கள். களம் புறம்போக்காம். வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வரப்போகிறதாம்.

"நாங்க மீன் காய வைக்கிற எடம் சார் இது." அம்மா.

"இங்க யாருமே இல்லனு போட்டோவே சொல்லுதேம்மா." ஜீப்பில் வந்த ஆபீசர் ஃபைலைத் திறந்து காட்டினார். என் படம். பெரிசாகப் பிரிண்ட்.

அத்தை என்னைப் பார்த்தாள். அவளிடம் கிண்டல் எதுவும் இல்லை.

களத்தில் இவ்வளவு நாளாக இருந்ததற்கு ஆதாரம் ஏதாவது இருந்தால் திங்கட்கிழமை ஆபீசுக்கு எடுத்துவரச் சொன்னார்கள். இங்கே யாரிடம் பட்டா?

ஜனவரி 11, ஞாயிறு

நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால். மூன்று வருடப் படம். எல்லாம் அதே களம். எல்லாம் கிட்டத்தில் எடுத்தது: பூச்சியின் இறகு, இறகின் செதில், கால், மகரந்தம். ஒன்றில்கூட மீன் இல்லை. வலை இல்லை. பொம்பளைகள் இல்லை. பின்னணி கரைய வேண்டும் என்றுதானே அந்த லென்ஸே வாங்கினேன்.

ஒரு படத்தில் ஓரமாக பழுப்பாக ஒரு கறை. அம்மாவின் குதிகால். எனக்குத் தெரியும். வேறு எவனுக்குத் தெரியும்?

"நாங்க இருக்கற மாரி ஒண்ணுகூடவாடா புடிக்கல?" அம்மா.

மானிட்டரை அணைத்தேன். சாப்பிடவில்லை.

இதே ஊரில் டச்சுக்காரன் கல்லறைக்கு வேலி, போர்டு. செத்தவன் இங்கே இருந்தான் என்பதற்குக் கல்லில் எழுத்து இருக்கிறது. உயிரோடு இருக்கிறவள் கேட்டால் ஆதாரம் கொண்டு வா என்கிறான். த்தூ.

ஜனவரி 12, திங்கள்

ஆபீஸ். மதியம்வரை பெஞ்சில். அந்த ஆபீசரிடம் குதிகால் படத்தைக் காட்டினேன்.

"இது கல்லு மாதிரி இருக்கே தம்பி."

"எங்கம்மா காலு சார்."

சிரித்தார். கெட்ட ஆள் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். வேலி போடுவார்களாம், மனு கொடுத்தால் பார்ப்பார்களாம். திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். இறங்கும்போது அம்மா, "மீன் நாறிடும்டா, எங்கயாச்சும் காய வைக்கணும்."

ஜனவரி 14, புதன்

வெயில். நாளை பொங்கல்.

வேலி முடிந்துவிட்டது. உள்ளே உப்புத் தண்ணீர் கொட்ட ஆள் இல்லை. மணல் காய்ந்து கிடக்கிறது. ஒரு பூச்சி இல்லை. சுற்றுலா ஆபீஸ்காரர் போன்: "எங்க தம்பி போச்சு எல்லாம்? வந்து இன்னும் நாலு போட்டோ எடுத்துக் குடேன்." கட் செய்தேன்.

அம்மாவும் அத்தையும் வேலிக்கு வெளியே ரோட்டோரமாக, பஸ் புழுதியில் வலை விரித்திருக்கிறார்கள். ஸ்டுடியோவின் கல்யாண லென்ஸை வாங்கி வந்தேன். நாலு ஆள் நிற்கிற அகலம் விழும். பின்னால் நகர்ந்து நின்றேன். மீன், தொட்டி, வேலி, அத்தை, அம்மா, எல்லாம் உள்ளே.

கேமராவைத் தூக்கினேன். யாரும் சொல்லாமலே அம்மா சீலையைச் சுருட்டிக்கொண்டு ஓரமாகத் தள்ளி நின்றாள்.