மாவு ஆலையின் சுவர்

மார்ச் 3, ஞாயிறு

இன்று கோட்டை. எண்பத்தாறு படி ஏறினேன். மூச்சு வாங்கியது, ஆனாலும் பலகையை வாசித்தேன்!

எங்கள் முதியோர் வகுப்பில் இதுதான் முறை. வாரம் முழுவதும் மாலையில் எழுத்து. ஞாயிறன்று டீச்சர் வேனில் ஏற்றி ஏதாவது பழைய இடத்துக்குக் கூட்டிப் போவார். ஆளுக்கு ஒரு பலகை, சீட்டு குலுக்கி எடுக்க வேண்டும். எனக்குப் பீரங்கி மேடை வந்தது. வாசித்து முடித்த வேகத்தில், பக்கத்துச் சுவரில் இருந்த ‘மேலே ஏறாதீர்கள்’ என்பதையும் சேர்த்து வாசித்துவிட்டேன்.

“யோவ் மெத்தை, அது உன் பங்கு இல்லய்யா” என்றார் என் பெஞ்சுக்காரர். முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். வகுப்பில் அவருக்குக் கத்தரி என்று பெயர்.

இருக்கட்டுமே. ஐம்பது வருஷம் மெத்தை தைத்தவன் நான். எழுத்து எதிரே வந்தால் சும்மா விடுவேனா?

மார்ச் 5

மேலே உள்ள பக்கத்தை எழுத இரண்டு மாலை ஆயிற்று. மூன்று தடவை படித்துப் பார்த்தேன். நான் சொன்னதையே சொல்கிறது.

மார்ச் 8

டீச்சர் சொன்னார்: 24ஆம் தேதி மாவு ஆலை. போரில் குண்டு விழுந்த இடம், அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இறந்தவர்கள் பெயர் வெட்டிய சுவர் இருக்கிறதாம்.

இருக்கிறதாம்! எனக்கா தெரியாது?

மார்ச் 9

இதை எழுதலாமா? எழுதினால் யாராவது படித்துவிடுவார்களே. ஆனால் வீட்டில் நானும் அக்காவும்தான். படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே எழுதுகிறேன்.

அத்தான், அதாவது அக்காவின் புருஷன், கொதிகலன் பழுது பார்ப்பவர். எந்த ஆலை கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு போவார். கல்யாணமான எட்டாம் மாதம் அப்படிப் போனவர் திரும்பவில்லை. அந்த வாரம்தான் குண்டு விழுந்தது. மூன்று ஆலைகள் போயின. அவர் எதில் இருந்தார், இல்லை எல்லை தாண்டி ஓடிய கூட்டத்தோடு போய்விட்டாரா, யாராலும் சொல்ல முடியவில்லை.

பத்து வருஷம் கழித்து மாவு ஆலையில் பெயர்ச் சுவர் கட்டினார்கள். “போய்ப் பார்த்துட்டு வாடா” என்று அக்கா என்னை அனுப்பினாள்.

போனேன். ஒரு மணி நேரம் அந்தச் சுவர் முன்னால் நின்றேன். எறும்பு வரிசைதான் தெரிந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், கேட்டிருக்கலாம். முப்பது வயசுக்காரன், சொந்தக் கடை, வீட்டில் தினமும் பேப்பரை விரித்து உட்காருகிறவன் — எந்த வாயால் கேட்பேன்? வீட்டுக்கு வந்து, “இல்லக்கா, அத்தான் பேரு இல்ல” என்றேன்.

அன்று அக்கா வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறு வருஷம் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். நல்ல மனுஷர். “என் புருஷன் உயிரோட இருக்காரு. என் தம்பியே பார்த்துட்டு வந்தான்” என்றாள். மூன்று தடவை கேட்டுவிட்டு, அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

நாற்பத்து நாலு வருஷம் ஆயிற்று. பெயர் அங்கே இருந்தால்? ஐயோ, இருந்தால் என்ன செய்வேன்?

மார்ச் 10, ஞாயிறு

பதுங்கு குழி. ‘இங்கே நாற்பது பேர் பதினொரு நாள் இருந்தனர்.’ அவ்வளவுதான் என் பலகை. அதைக்கூடத் திக்கித் திக்கி வாசித்தேன். “என்னய்யா, கண்ணாடி அழுக்கா?” என்றார் கத்தரி. ஆமாம் என்றேன். பழைய பொய்தான். நாக்கில் தானாக வருகிறது.

மார்ச் 14

முட்டி வலி என்று சொல்லி 24ஆம் தேதி நின்றுவிடலாம் என்றிருந்தேன். கெட்டது காரியம். இன்று டீச்சர் வீட்டுக்கே வந்தார். “வேன்ல ஒரு இடம் இருக்கு, நீங்களும் வாங்களேன் பாட்டி” என்றார் அக்காவிடம்.

“எங்க போறீங்க?”

சொன்னார்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. “வர்றேன்மா” என்றாள்.

மார்ச் 19

ராத்திரி ஒன்று உறைத்தது. சீட்டில் அந்தச் சுவர் வேறு யாருக்காவது விழுந்தால்? கத்தரி உரக்கப் படிப்பார். அக்கா பக்கத்தில் நிற்பாள். வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் போனேன். “சுவரை எனக்குக் குடுத்துடும்மா.”

“குலுக்கல்தானே தாத்தா நம்ம முறை?” என்றவர் என் முகத்தைப் பார்த்தார். “சரி, உங்களுக்கேதான்.”

காரணம் கேட்கவில்லை. நல்லா இருக்கணும் அந்தப் பெண்.

மார்ச் 23

நாளை. வேனிலேயே அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். சொல்வேனா?

மார்ச் 24, ஞாயிறு

கை வரவில்லை.

மார்ச் 25

இன்று எழுதிவிடுகிறேன்.

வேனில் கடைசி இருக்கை எங்களுக்கு. பாதி வழியில் ஆரம்பித்தேன். “அக்கா, அன்னைக்கு நான் அந்தச் சுவரை...”

“பார்த்தே. படிக்கல. அதானே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்கு எப்படித் தெரியும்?”

“பேப்பரை விரிச்சா படம் போட்ட பக்கத்துலயே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பே. வளர்த்தவளுக்குத் தெரியாதாடா?”

“அப்புறம் எதுக்கு என்னை அனுப்பினே?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “படிக்கத் தெரிஞ்சவனை அனுப்பினா, சேதியோட வந்துடுவானே.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் தூக்கத்தைத் தொலைத்தவன் நான். “முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“நீ சொன்னியா?”

கடிகாரக்காரரைப் பற்றிக் கேட்டேன்.

“அவரா! வாயைத் திறந்தா மூடமாட்டாரு. உன் பேரைச் சொல்லித் தப்பிச்சேன்.”

நிஜமா, என்னைத் தேற்றுவதற்கா? தெரியாது. அக்கா கழுவுற மீனில் நழுவுற மீன்.

“இப்ப மட்டும் ஏன் வர்றே?” என்றேன்.

“நீதான் மருந்துச் சீட்டைக்கூட விடாம படிக்கிறியே. என்னைக்காவது அந்தச் சுவரையும் படிப்பே. படிச்சுட்டு வந்தா உன் மூஞ்சியே சொல்லிடும். அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறதுக்குப் பதிலா, நானே வந்து கேட்டுக்கறேன்.”

ஆலைக்குக் கூரை இல்லை. கருகிய தூண்கள், உடைந்த அரைக்கும் கற்கள், ஒரு பக்கம் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். உள்ளே சுவர். ஒவ்வொரு வரியிலும் பெயர், தொழில், வயது. மற்றவர்களை டீச்சர் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு பெயரிலும் மூன்று எழுத்து வரும்வரை நெஞ்சு அடித்துக்கொண்டது. அது அவர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மீதி எழுத்து வாயில் வந்தது. மூன்றாம் வரிசை, ஏழாவது.

நின்றுவிட்டேன்.

“படிடா” என்றாள்.

படித்தேன். அத்தான் பெயர். கொதிகலன் பழுது பார்ப்பவர். வயது முப்பத்து நாலு.

“இன்னொரு தடவை.”

படித்தேன்.

“வயசு என்ன சொன்னே?”

“முப்பத்து நாலு.”

“முப்பத்து நாலா? என்கிட்ட இருபத்தெட்டுன்னாரே, படுபாவி மனுஷன்!”

சிரித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டாள், நெடுநேரம்.

பிறகு, “மீதியையும் படி” என்றாள்.

“எதுக்குக்கா?”

“அவங்க வீட்ல படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது வந்தாங்களோ, என்னமோ.”

நூற்றுப் பன்னிரண்டு பெயர். டிரைவர் ஹாரன் அடித்தார். டீச்சர் போய் அவரை அடக்கினார். ஒன்றும் விடாமல் படித்தேன்.

ஏப்ரல் 2

அக்காவின் கண்ணைக் காட்டக் கண் மருத்துவமனைக்குப் போனோம். ஜன்னலில் ஒரு படிவம் நீட்டினார்கள். “யாராவது நிரப்பிக் குடுங்க.”

“என் தம்பி எழுதுவான்” என்றாள், சத்தமாக.

பெயர், வயது, முகவரி எழுதினேன். அடுத்த கட்டம், கணவர். எப்போதும் இந்த இடத்தில் ‘வெளியூர்ல வேலை’ என்று சொல்லி யாரையாவது எழுத வைப்பாள். பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவளைப் பார்த்தேன்.

“காலமானார்னு எழுது” என்றாள்.

ஐந்து எழுத்து. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அவள் என்னை அவசரப்படுத்தவில்லை.